நூற்றிருபது முன்பக்கங்கள்

தாள் கைக்கு வந்ததும் அர்த்தநாரி முதலில் திருப்பித்தான் பார்ப்பார். ஆர்.சி. புத்தகமோ, பர்மிட்டோ, ஆதாரோ, முன்பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு அப்புறம். புரட்டி, ஒரு ஊது ஊதி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "பின்பக்கம் இருக்குதுங்களா?" என்று கேட்பார். இருப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டேதான் கேட்பார். எதிரே நிற்கிறவர் வாயைத் திறந்து "ஆமாங்க" என்று சொன்னால்தான் மெஷினின் மூடி திறக்கும்.

சங்ககிரியில் லாரி ஆபீஸ்கள் வரிசையாக இருக்கும் தெருவில் பத்தொன்பது வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். குமாரபாளையத்துத் தறிக்காரக் குடும்பம். அண்ணன் தம்பிகள் துண்டு, லுங்கி என்று போய்விட, இவர் மட்டும் காகிதத்தைப் பிடித்துக்கொண்டார். பின்பக்கம் இல்லாத ஒரு இன்சூரன்ஸ் தாளோடு போன லாரி எங்கோ நாக்பூர் பக்கம் ஒரு செக்போஸ்டில் ஒரு நாள் முழுக்க நின்றதாம். கடை போட்ட முதல் வருடத்தில் நடந்தது. அந்த டிரைவர் திரும்பி வந்து பேசிய பேச்சு அர்த்தநாரியின் காதை விட்டு இன்னும் இறங்கவில்லை.

அதற்காகக் கோயிலில் கொடுக்கும் விபூதிப் பொட்டலத்தையும், பஸ் டிக்கெட்டையும் திருப்பிப் பார்ப்பதா என்று கேட்டால், பார்ப்பார். பந்தியில் உட்கார்ந்தால் வாழையிலையின் அடியிலும் ஒரு பார்வை விடுவார் என்று மைத்துனன் முருகானந்தம் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான். போர்வெல் வண்டி ஓட்டுகிறவன், வாயும் அதே வேகத்தில் ஓடும். ஆனால் இந்த விஷயத்தில் அவன் சொன்னது பொய்யில்லை.

நகலைக் கொண்டுவந்து நகல் கேட்டால் அர்த்தநாரிக்கு முகம் சுண்டிவிடும். "நகலுக்கு நகல் எடுத்தா எழுத்து எளைச்சுப்போயிரும் சாமி. ஒரிஜினலைக் கொண்டாங்க" என்று அனுப்பிவிடுவார். ஒரிஜினல் என்று தன் கையில் கிடைத்ததையெல்லாம் லேமினேட் செய்துவிடுவார். வீட்டு மின்சார அட்டை, மகள் கிறுக்கிய முதல் கிறுக்கல், மனைவி அகல்யா மளிகைக்கு எழுதிக் கொடுத்த சீட்டு ஒன்று, எல்லாம் பிளாஸ்டிக்குக்குள் பளபளவென்று இருக்கின்றன.

மகள் வித்யாவுக்கு ஐந்து வயது. பார்த்தால் இரண்டரை என்பார்கள். தலை சிறியது, தொப்பி வாங்கப் போனால் கைக்குழந்தைகளுக்கு வைத்திருப்பதுதான் பொருந்தும். காதுகள் இரண்டும் பட்டன் அளவுக்குத்தான் இருக்கும். முழங்கால் சில்லும் சரியாக வளரவில்லை என்பதால் படி ஏறும்போது நடுப்படியில் உட்கார்ந்து ஓய்வெடுத்துக்கொள்வாள். பேச்சுக்கு மட்டும் குறைவில்லை. கடையில் ஸ்டூல் மேல் உட்கார்ந்துகொண்டு, "அண்ணா, தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது" என்று லாரி டிரைவர்களை அதட்டுவாள். ஆறடி ஆள்களும் தள்ளித்தான் நிற்பார்கள்.

இந்தச் சின்னத் தலைக்குச் சொந்தபந்தத்தில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். அகல்யா பப்பாளி தின்றாள், வயிற்றின் மேல் போனை வைத்துக்கொண்டு பேசினாள், ஈரத்தலையோடு படுத்தாள். எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு முதலிடத்துக்கு வந்தது அர்த்தநாரியின் அக்கா சாரதாமணி கண்டுபிடித்த காரணம். நாலாம் மாதத்தில் சந்திர கிரகணத்தன்று அகல்யா கொடியில் காய்ந்த துணியை எடுக்க வெளியே வந்தாள். யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில், "அன்னைக்கு எதுக்குக் கண்ணு வெளிய வந்தே?" என்று யாராவது ஒருத்தர் கேட்டுவிடுவார்.

அப்படிக் கேட்கும்போதெல்லாம் பக்கத்தில் நிற்கும் அர்த்தநாரி சட்டைப்பையில் எதையோ தேட ஆரம்பித்துவிடுவார். பேனா இருக்கும், கடைச்சாவி இருக்கும், தேடுவது நிற்காது. "அப்படி என்னதாங்க உங்க பையில தொலைஞ்சு போச்சு?" என்று அகல்யா ஒருநாள் பஸ்ஸிலேயே கேட்டாள். அதற்கும் தேடினார். அவள் அதன்பிறகு விசேஷங்களுக்குப் போவதையே விட்டுவிட்டாள். இரண்டு வருடமாகிறது.

போன வருடம் கோயம்புத்தூரில் ஒரு டாக்டரம்மா மூன்று பேரின் ரத்தத்தையும் எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினார். செல், புரதம் என்று அவர் சொன்ன வரைக்கும் அர்த்தநாரி கோயிலில் சமஸ்கிருதம் கேட்பதுபோல மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நகல் என்ற சொல் வந்ததும் நிமிர்ந்தார்.

"ஏனுங்க டாக்டரம்மா, அப்ப ஒடம்புக்குள்ள நடக்கறது ஜெராக்ஸ் வேலைங்களா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்" என்றார் அவர். பாவம், விளைவு தெரியாமல் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சங்ககிரியில் அந்த வகுப்பைக் கேட்காமல் யாரும் ஒரு தாள் நகல் எடுத்ததில்லை.

"ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு பொஸ்தகம் இருக்குதுங்க, முந்நூறு கோடி எழுத்து" என்று, அவசரமாகப் பர்மிட்டை நீட்டுகிற ஆளிடம் ஆரம்பிப்பார். "ஒரு செல்லு ரெண்டாகோணும்னா மொதல்ல அத்தனையும் காப்பி எடுத்தாகோணும். ஒரு முனையில புடிச்சு மறுமுனைக்கு வாரதுன்னா மாசக்கணக்காகுமுங்க. அதனால ஆயிரக்கணக்கான எடத்துல ஒரே நேரத்துல மெஷினை ஓட்டி உட்டுருது. எட்டு மணி நேரத்துல சோலி முடிஞ்சுது. என்ற புள்ளைக்கு அந்த மெஷினை ஓட்டி உடற ஆளு பத்தல. கை காலு மெல்ல வளந்துக்கும். மூளைக்கு அந்தச் சாவகாசமெல்லாம் இல்லீங்க. வயித்துல இருக்கற கொஞ்ச மாசத்துக்குள்ள மளமளன்னு பெருகியாகோணும். காப்பி முடியறதுக்குள்ள நேரம் முடிஞ்சுபோச்சு. மூளை முழுசாத்தான் இருக்குது, அளவுதான் சின்னது. வேற ஒண்ணுமில்லீங்க."

"அந்த எட்டு மணி நேரமே தேவலைங்கண்ணா" என்றார் ஒரு டிரைவர். "நான் டிபன் சாப்படாம வந்து நிக்கறேன்."

வகுப்பு அதோடு முடிந்துவிடும். டாக்டரம்மா அதற்கு மேலும் ஒன்று சொல்லியிருந்தார். அந்தப் புத்தகம் ஒவ்வொருவரிடமும் இரண்டு இருக்கிறது, ஒன்று அம்மா கொடுத்தது, ஒன்று அப்பா கொடுத்தது. ஒன்றில் பிழை இருந்தால் மற்றது சமாளித்துவிடும், ஆளுக்கு ஒரு குறையும் தெரியாது. இரண்டிலும் ஒரே இடத்தில் பிழை வந்து சேர்ந்தால்தான் சிக்கல். வித்யாவுக்கு அகல்யாவிடமிருந்து ஒன்று வந்திருந்தது, அர்த்தநாரியிடமிருந்து ஒன்று வந்திருந்தது. கடையில் பேச்சு இந்த இடத்துக்கு வரும்போது அவருக்குச் சரியாக அடுத்த ஆள் வந்துவிடுவார். வராவிட்டால் டோனர் தீர்ந்துவிடும்.

இந்த வைகாசியில் வித்யாவுக்குக் காது குத்துவது என்று முடிவானது. அகல்யா சம்மதித்தாள், ஒரு நிபந்தனையோடு.

"கிரகணம்ங்கிற பேச்சு ஒருத்தர் வாயில இருந்தும் வரப்படாது. வந்துச்சுன்னா நான் பாதியில எந்திரிச்சு வந்துருவேன்."

"அவ்வளவுதானே? எங்கிட்ட உட்ரு" என்றார் அர்த்தநாரி. ஜெராக்ஸ் கடைக்காரருக்குத் தோன்றுகிற யோசனைதான் அவருக்கும் தோன்றியது. மருத்துவ அறிக்கையை நகலெடுத்து அழைப்பிதழோடு பின் அடித்து அனுப்பிவிட்டால் யார் என்ன கேட்கப் போகிறார்கள்? அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தாலும், எங்கள் அக்காவுக்குப் புரிகிற மாதிரி இரண்டு வரி எழுதிக் கொடுங்கள் என்று அவர் கேட்டதால், டாக்டரம்மா ஒரு தாளில் ஊதா மையில் தமிழில் எழுதியே கொடுத்திருந்தார். அர்த்தநாரி நகலெடுத்தது அந்தத் தாளைத்தான். 'தாயின் ஒரு பிரதியில் பிழை உள்ளது' என்பதோடு முன்பக்கம் முடியும். 'தந்தையிடமும் அதே இடத்தில் அதே பிழை. இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே பாதிப்பு. கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை' என்பது பின்பக்கம்.

நூற்றிருபது அழைப்பிதழ்கள். குமாரபாளையம், ராசிபுரம், பரமத்தி வேலூர் என்று மூன்றே நாளில் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தன. நான்காம் நாள் காலையில் பரமத்தி வேலூரிலிருந்து சாரதாமணி போன் செய்தாள்.

"தம்பி, நாங்கூட இத்தன நாளும் கிரகணம் கிரகணம்னே இருந்துட்டேன். அகல்யாகிட்டயே கொறை இருக்குதுன்னு டாக்டரே கைப்பட எழுதிக் குடுத்துட்டாளே! பாவம், அந்தப் புள்ளைய இனி யாரும் ஒண்ணுங் கேக்க மாட்டாங்க."

அர்த்தநாரி கையில் மிச்சமிருந்த ஒரு நகலைத் திருப்பினார். வெள்ளையாக இருந்தது.

பத்தொன்பது வருடத்தில் லட்சம் பேரிடம் கேட்ட கேள்வியை, இதை நகலெடுத்த அன்றைக்கு அவர் யாரிடமும் கேட்கவில்லை. கேட்பதற்கு எதிரே ஆளில்லை. அவர் கடையில் "ஆமாங்க" என்று சொல்லாமலே நகல் வாங்கிக்கொண்டு போன ஒரே வாடிக்கையாளர் அவர்தான்.

அகல்யா விஷயத்தைக் கேட்டுக் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை. அரிசியைக் களைந்துகொண்டே கேட்டாள்.

"மறந்துட்டீங்களா, மறைச்சுட்டீங்களா?"

மறந்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தார். அது உண்மையா என்று அவருக்கே ஒரு கணம் சந்தேகமாக இருந்தது. அந்த ஒரு கணத்தை அகல்யா பார்த்துவிட்டாள்.

"நான் வரல. உங்க புள்ளைய நீங்களே கூட்டிட்டுப் போயி காது குத்திக்கோங்க" என்றாள்.

மறுநாள் கடையில் 'மெஷின் ரிப்பேர்' என்று அட்டை தொங்கியது. மெஷின் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. நூற்றிருபது பின்பக்கங்களை மஞ்சள்பையில் போட்டு மாட்டிக்கொண்டு அர்த்தநாரி டி.வி.எஸ்ஸில் கிளம்பினார். போகிற வீட்டில் தாளைக் கொடுத்து, "இது அதோட பின்பக்கமுங்க, விட்டுப்போச்சு" என்பார். உட்காரச் சொல்வதற்குள் செருப்பை மாட்டிவிடுவார்.

வேலை சுலபத்தில் ஆகவில்லை. ராசிபுரத்தில் சித்தப்பா சுவாமிநாதன் இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டுக் கண்கலங்கினார். "பொண்டாட்டி மேல பழி வந்துரப்படாதுன்னு உம்மேலயே போட்டுக்கிறயே, நீதாண்டா ஆம்பளை!" என்று முதுகைத் தட்டி, விடாமல் காபி கொடுத்து, வருகிற போகிறவர்களிடமெல்லாம் அண்ணன் மகனுடைய பெருந்தன்மையைச் சொன்னார். இல்லை சித்தப்பா, நிஜமாகவே என்று அர்த்தநாரி ஆரம்பித்தால், "தெரியும், தெரியும்" என்று கண்ணைச் சிமிட்டினார். குமாரபாளையத்தில் அந்தச் சிமிட்டல்கூட இல்லை. "மொத வாரம் ஒரு பக்கம், அடுத்த வாரம் ஒரு பக்கம். ஜெராக்ஸ் கடைக்காரனுக்குக் காயிதமா பஞ்சம்?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். ஊரெல்லாம் அவர் நகலை நம்பி ஆந்திரா வரைக்கும் லாரி ஓட்டுகிறது, சொந்த ஊரில் சொந்த ரத்தத்தைப் பற்றிய ஒரு தாளை நம்ப ஆளில்லை.

சரி, சான்றொப்பம் வாங்கிவிடலாம் என்று தெரிந்த நோட்டரி ஒருவரிடம் போனார். அவர் தாளை நாலு தரம் படித்துவிட்டு, "பத்திரத்துக்குப் போடுவேன், லாரிக்குப் போடுவேன், மரபணுவுக்கு எங்க சீல் வைக்கறதுன்னு எனக்கே தெரியலப்பா" என்று திருப்பிக் கொடுத்தார்.

கடைசியாக அக்கா வீடு. சாரதாமணி வெற்றிலைக் கொடிக்காலிலிருந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"எழுத்து ரெண்டும் ஒரே மாதிரி இருக்குது."

"ஒரே டாக்டர் எழுதுனதுதானுங்கக்கா."

"அதுதாஞ் சந்தேகம்."

ஒரிஜினலை எடுத்து நீட்டினார். அவள் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். "இதைய லேமினேட் வேற பண்ணி வச்சிருக்கியே தம்பி, மை ஒட்டுதா இல்லையான்னு தொட்டுக்கூடப் பார்க்க முடியல." பிறகு தாளை மடியில் வைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "நெசமாவே இருக்கட்டும். அதைய எதுக்குடா ஊடு ஊடாச் சொல்றே? என்ற மகளுக்கு வரன் பாத்துட்டிருக்கறேன். நம்ம ரத்தத்துல இருக்குதுன்னு நீயே தமுக்கடிச்சா நாளைக்கு எவன் வருவான்? கொறை அகல்யாகிட்டன்னே இருந்துட்டுப் போகட்டுமே. அவளுக்கு இனிமே என்ன கல்யாணமா காச்சியா?"

அர்த்தநாரி ஒரிஜினலை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். அக்கா பேசியது அநியாயம் என்று தெரிந்தது. அதே கணக்கைத் தானும் உள்ளுக்குள் போட்டு வைத்திருந்தது அதைவிட நன்றாகத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. மஞ்சள்பையில் நாற்பது தாள் மிச்சமிருந்தன, அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"எம்பது ஊட்டுக்குக் குடுத்துட்டேன்" என்றார் அகல்யாவிடம்.

"காயிதம் போச்சு. நீங்க ஒரு ஊட்டுலயாச்சும் வாயத் தொறந்து சொன்னீங்களா, எங்கிட்ட இருந்தும் வந்துச்சுன்னு?"

அர்த்தநாரியின் கை சட்டைப்பைக்குப் போனது. அகல்யா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

விசேஷத்துக்கு அவள் வந்ததே முருகானந்தத்தால்தான். தாய்மாமன் மடியில்தான் குழந்தையை உட்கார வைத்துக் காது குத்த வேண்டும். "நீ வரலைன்னா என்ற மடியும் வராது, நான் ரிக் வண்டியை எடுத்துட்டு ஒடிசாவுக்குப் போயிருவேன்" என்று தங்கையை மிரட்டி ஒருவழியாகக் கிளப்பினான். வந்தவள் குலதெய்வக் கோயில் மண்டபத்தில் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். மகளுக்குக் காது குத்தும்போது அம்மா நிற்கிற இடமில்லை அது. யாரும் முன்னால் வா என்று கூப்பிடவும் இல்லை.

ஆசாரி வித்யாவின் காதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி பார்த்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார். "ஏனுங்க, இதுல நான் எங்க குத்தறது?" என்று சுற்றியிருந்தவர்களிடமே யோசனை கேட்டார்.

"மெதுவாக் குத்தோணும்" என்றாள் வித்யா மாமன் மடியிலிருந்து. "வலிச்சா அழுவேன், இப்பவே சொல்லிட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்போது யாரோ ஒரு பெண், "இவ்வளவு வெவரமான புள்ளைக்கு இப்படி ஆயிருச்சே" என்று உச்சுக்கொட்டினாள். சாரதாமணி இரக்கத்தோடுதான் பதில் சொன்னாள், மண்டபம் முழுக்கக் கேட்கிற இரக்கம்.

"அவளை ஒண்ணுஞ் சொல்லாதீங்க. பாவம், அவ என்ன பண்ணுவா? அவ ஒடம்பு வாக்கு அப்படி."

அத்தனை தலைகளும் கடைசித் தூணைப் பார்த்துத் திரும்பின.

அர்த்தநாரியின் கை சட்டைப்பைக்குத்தான் போனது. மிச்சமிருந்த நாற்பது தாள்களும் மடித்து அங்கேதான் இருந்தன. கட்டை வெளியே எடுத்தார். ஒரு தாளை உருவி அக்காவிடம் நீட்டலாம் என்று பிரிக்கப் போனார். தூணுக்குப் பின்னாலிருந்து அகல்யா அவரை, அவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரிக்காமல் நிறுத்தினார்.

"அக்கா" என்றார். மெஷின் ஓடும் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல், தேவைக்கு மேல் பெரிதாகவே வந்தது. "அவகிட்ட இருந்து வந்தது பாதிதான். மீதிப் பாதி எங்கிட்ட இருந்து வந்தது. எனக்கு நம்ம அப்பா குடுத்தாரோ, அம்மா குடுத்தாங்களோ, நம்ம ஊட்டுல இருந்து வந்தது."

"தம்பி, கம்முனு இரு" என்றாள் சாரதாமணி.

"இத்தன வருசமாக் கம்முனுதானுங்கக்கா இருந்தேன். கிரகணத்தன்னைக்கு அவ துணியெடுக்க வெளிய வந்தா, சரி. நான் ஊட்டுக்குள்ள போத்திப் படுத்துத் தூங்கிட்டிருந்தேன். தூங்கிட்டிருந்த எங்கிட்ட இருந்தும் வந்திருக்குதே, அதுக்கு என்னங்கறீங்க?"

ராசிபுரம் சித்தப்பா இந்தத் தடவை கண்ணைச் சிமிட்டவில்லை. சாரதாமணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இனி ஆறு மாதத்துக்கு அவள் போன் செய்யப் போவதில்லை என்று அர்த்தநாரிக்குத் தெரிந்தது, ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை. எல்லோரும் பேச்சைக் கவனித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து ஆசாரி இரண்டு காதையும் குத்தி முடித்துவிட்டார். வித்யா முன்கூட்டியே அறிவித்திருந்தபடி கோயில் அதிர அழ ஆரம்பித்தாள். மாமன் மிட்டாயைக் காட்டினான், ஆகவில்லை.

அகல்யா தூணை விட்டு வெளியே வந்தாள். கூட்டத்துக்கு நடுவே, சாரதாமணியையும் தாண்டி, நேராக முன்வரிசைக்கு வந்து கணவரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கையிலிருந்த தாள்கட்டை வாங்கி, பிரித்துக்கூடப் பார்க்காமல், மகளின் சிவந்த காதுக்கு விசிறத் தொடங்கினாள்.